இழுத்துப் பார்த்தீர்களா?

கதவைப் பூட்டிவிட்டு அப்படியே போகிறவர்கள் யாராவது உண்டா? பூட்டியதும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம். சில வீடுகளில் தாத்தாக்கள் பூட்டைப் பிடித்துத் தொங்கியே பார்ப்பார்கள். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லிலும் இதே கதைதான். 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிய பூட்டு. ஆனாலும் இழுத்துப் பார்க்காமல் யாரும் படியிறங்க மாட்டார்கள். பூட்டின் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. ‘பூட்டியாச்சு’ என்று சொல்வது வேறு, பூட்டியிருப்பது வேறு என்று தெரியும். அவ்வளவுதான்.

வீட்டுக் கதவுக்கு இருக்கிற இந்தப் புத்தி, சுரங்கத்துக்கும் குவாரிக்கும் பலிகொடுத்த ஓடைகள் விஷயத்தில் மட்டும் காணாமல் போய்விடுகிறது. ‘சரி பண்ணியாச்சு சார், ரிப்போர்ட் அனுப்பியாச்சு’ என்று ஒருவர் சொன்னால், அடுத்தவர் ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இழுத்துப் பார்ப்பது யார்?

திறந்தவெளிச் சுரங்கம் என்றால் வேறொன்றும் இல்லை. மேலே இருக்கிற மண்ணையெல்லாம் அள்ளி ஓரமாக மலைபோலக் குவித்துவிட்டு, அடியில் இருக்கிற நிலக்கரியை எடுப்பது. அங்கே வயல் இருந்தால் வயல் போகும். ஊர் இருந்தால் ஊர் போகும். ஓடையோ ஆறோ இருந்தால்? வயலுக்குப் பணம் கொடுக்கலாம். ஊருக்கு மாற்று இடம் கொடுக்கலாம். தண்ணீருக்கு செக் எழுதிக் கொடுத்து ‘நீ வேற பக்கம் போயிரு’ என்று சொல்ல முடியாது. மேலே மழை பெய்தால் அது வரும். வந்தே தீரும். அதனால் சுரங்கத்துக்கு வெளியே புதிதாக ஒரு தடம் வெட்டித் திருப்பிவிடுகிறார்கள். சுரங்கம் முடிந்து குழியை மூடிய பிறகு, அந்த மண்ணின் மேல் திரும்பவும் வடிகாலும் ஓடையும் உண்டாக்க வேண்டும். இது தயவு தாட்சண்யம் இல்லை, சுரங்கம் தோண்டியவரின் கடமை.

ஜேசிபியை விட்டு நேர்கோடாக ஒரு பள்ளம் இழுத்தால் ஓடை ஆகிவிடுமா? கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். குழியிலிருந்து எடுத்த மண்ணை அதே குழிக்குள் போட்டால் மேடாக நிற்கும். மண் பொருமிவிடும். நாலு மழை பெய்ததும் அமுங்கும். சுரங்கக் குழியை மூடிய மண் இப்படி ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் வெட்டிய ஓடையின் வாட்டமும் கூடவே மாறும். இந்த வருஷம் கிழக்கே ஓடிய தண்ணீர் அடுத்த வருஷம் நடுவழியில் குட்டையாகத் தேங்கும்.

இன்னொரு சங்கதி. இளகிய மண் தண்ணீரைக் குடிக்கும். மேலே ஓடி வருகிற நீர் பாதி வழியில் உள்ளே இறங்கி, எங்கேயோ மண்மேட்டின் அடிவாரத்தில் கசிந்து வெளியே வரும். வரும்போது உள்ளே இருக்கிற உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். ‘ஓடை வெட்டினோமே, தண்ணி எங்கேப்பா?’ என்று கேட்டால் பதில் இருக்காது.

நேராக வெட்டிய வாய்க்காலில் தண்ணீருக்கு வேகம் அதிகம். அது அடிமண்ணை அரிக்கும், திருப்பத்தில் வெளிக்கரையைத் தின்னும். இயற்கையான ஓடை வளைந்து நெளிந்து போவதில் காரணம் இருக்கிறது. வளைவு வேகத்தைத் தணிக்கிறது. இரண்டு பக்கமும் இருக்கிற தாழ்வான இடம் வெள்ளத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்கிறது. மண்மலையின் சரிவைப் படிப்படியாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் உள்பக்கமாக வாட்டம் கொடுத்து, கல் பதித்த இறக்கம் வழியாகத்தான் நீரைக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அத்தனை மண்ணும் கரைந்து கீழே இருக்கிற ஏரியில் போய் உட்காரும்.

இந்தக் கோளாறெல்லாம் எப்போது கண்ணுக்குத் தெரியும்? மழை நாளில். இன்ஸ்பெக்‌ஷன் எப்போது நடக்கும்? வெயில் நாளில். ஜீப் போவதற்கு ரோடு காய்ந்திருக்க வேண்டுமே!

வெயில் நாளில் பார்த்த பார்வை என்ன கதிக்கு ஆளாகும் என்பதற்குத் திண்டுக்கல் சமவெளியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சுரங்கம் இல்லை, அணைக்கட்டு. ஆனால் பாடம் ஒன்றுதான். கீழ்ப்பழனி மலையில் உற்பத்தியாகி, ஆத்தூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, வேடசந்தூர் வழியாகப் போய் அமராவதியில் சேர்கிற ஆறு குடகனாறு. வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் அதன் குறுக்கே மண் அணை. 10 அடி அகலத்தில் ஐந்து ஷட்டர்கள். 1977-ல் வெள்ளம் வந்தது. ஷட்டரைத் தூக்க ஆட்கள் ஓடினார்கள். பாதி தூக்கும்போதே கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. கடைசியில் கையால் சுற்றித் தூக்கப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேலே ஏறி, பின்பக்கச் சரிவை அருவிபோல அரித்து, அணையைப் பல இடங்களில் உடைத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த ஊழியர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கடைசிவரை போராடினார்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். பெருமழை பெய்தால் கரன்ட் போகும் என்பது நம் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கரன்ட் இருக்கிற நாளில் பட்டனை அழுத்தி ஷட்டர் ஏறுகிறதா என்று பார்ப்பது எப்படிச் சோதனை ஆகும்? கரன்ட் இல்லாத நாளில், கொட்டுகிற மழையில், இத்தனை நிமிஷத்துக்குள் ஐந்து ஷட்டரும் ஏறுமா என்று பார்ப்பதுதான் சோதனை.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த அவலம் இல்லை. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பஃபலோ க்ரீக் என்று ஒரு ஓடை. அதன் தலைமாட்டில் நிலக்கரிக் கழிவைக் கொட்டி அணைபோல எழுப்பியிருந்தார்கள். அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். ‘திருப்திகரம்’ என்று எழுதிவிட்டுப் போனார். நாலே நாள். 1972 பிப்ரவரி 26 காலையில் அது உடைந்தது. ஓடைக்கரை ஊர்களில் 125 பேர் செத்துப்போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை இழந்தார்கள். கம்பெனித் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? கடவுளின் செயலாம்! கழிவைக் கொட்டியது நீ, கையெழுத்துப் போட்டது அவர், பழி மட்டும் கடவுளுக்கா?

இதுபோன்ற அநியாயங்களுக்குப் பிறகு 1977-ல், நம் குடகனாறு அணை உடைந்த அதே வருஷம், அங்கே சுரங்கங்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் உள்ள சில விஷயங்களை நம் அதிகாரிகள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சராசரியாக மாதம் ஒரு தடவையாவது சுரங்கத்தைப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முழுமையாகப் பார்க்க வேண்டும். முன்கூட்டித் தகவல் கொடுக்காமல் போக வேண்டும். நிரந்தரமாகத் திருப்பிவிடுகிற ஓடை, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய ஆறு மணி நேரப் பெருமழையைத் தாங்க வேண்டும் என்று விதி. கம்பெனி கட்டிய ஜாமீன் தொகை படிப்படியாகத்தான் திரும்பும். கடைசிப் பகுதி, மூடிய நிலத்தில் பச்சை பிடித்து ஐந்து வருஷம், மழை குறைந்த பகுதி என்றால் பத்து வருஷம் கழிந்த பிறகுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னொன்று. ஒரு குடிமகன் கொடுத்த புகாரின் பேரில் இன்ஸ்பெக்டர் போகிறார் என்றால், புகார் கொடுத்தவரும் அவருடன் உள்ளே போய்ப் பார்க்கலாம். கேட்டில் நிறுத்தி ‘பாஸ் இருக்கா?’ என்று விரட்ட முடியாது.

உடனே ‘அமெரிக்காவைப் பார்’ என்று நான் கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். இதே சட்டம் இருக்கும்போதே அப்பலாச்சிய மலைகளின் உச்சியை வெட்டித் தள்ளி, பள்ளத்தாக்குகளை நிரப்பி, ஏறத்தாழ 2000 மைல் நீள ஓடைகளைப் புதைத்திருக்கிறார்கள். கணக்கு அவர்களுடைய சுற்றுச்சூழல் அமைப்பே சொன்னது. சட்டப் புத்தகம் மட்டும் ஓடையைக் காப்பாற்றாது. ஆனால் கூடவே போய்ப் பார்க்கிற உரிமை சாமான்யனுக்கு ஒரு பிடிமானம். நமக்கு அந்தப் பிடிமானமும் வேண்டும்.

இங்கே நிலைமை என்ன? மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009 ஆகஸ்டில் சுரங்கம் மூடுவதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பிறகு சில தடவை திருத்தினார்கள். சுரங்கம் ஆரம்பிக்கும்போதே எப்படி மூடுவேன் என்று திட்டம் கொடுக்க வேண்டும். திறந்தவெளிச் சுரங்கம் என்றால் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று அப்போது கணக்குப் போட்டு, வங்கியில் தனிக் கணக்கில் ஆண்டுதோறும் கட்டச் சொன்னார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வேலையைச் சரிபார்த்து ஒரு பகுதியைத் திரும்பக் கொடுப்பார்கள். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான்.

இன்னொரு பக்கம், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அனுமதி வாங்கிய ஒவ்வொருவரும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இரண்டு தடவை, நிபந்தனைகளை ஒழுங்காக நிறைவேற்றினேன் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். எழுதுவது யார்? அனுமதி வாங்கியவரேதான்! பரீட்சை எழுதின பையனே பேப்பரைத் திருத்தி மார்க்கும் போட்டுக்கொள்கிற மாதிரி. ஜூன் 1 நம் பக்கம் வறண்ட காலம். ஓடையில் கருவேல முள் காய்ந்து கிடக்கும். டிசம்பர் 1-க்கான அறிக்கையோ வடகிழக்குப் பருவமழை முடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். ஓடையைச் சோதிக்க இதைவிட வசதியில்லாத தேதிகளை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இப்போது நெய்வேலிக்கு வருவோம். தமிழ்நாட்டில் நிலக்கரி என்றால் அது ஒன்றுதான். 1956-ல் கம்பெனி, 1957-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்பதால், இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். ஆக, நெய்வேலியில் நிலக்கரியைச் சமாளிப்பதில் பாதி, தண்ணீரைச் சமாளிப்பது.

அந்தப் பக்கம் ஓடுகிற பரவனாற்றைத் திருப்ப, 2023 ஜூலை 26-ஆம் தேதி வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்களை இறக்கினார்கள். சுமார் 12 கிலோமீட்டர் புதுத் தடத்தில் பெரும்பகுதி முடிந்து, பாக்கி இருந்தது ஒன்றரை கிலோமீட்டர். பருவமழைக்கு முன் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் சுரங்கத்துக்கே ஆபத்து என்பது நிறுவனத்தின் வாதம். அறுவடை வரைக்கும் பொறுக்கக்கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. கடைசியில் பயிருக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

டி.வி.யில் நெற்பயிர் நசுங்குவதைப் பார்த்து எல்லோரும் பதறினோம். பதற வேண்டியதுதான். ஆனால் பயிரின் கதை முடிந்ததும் ஆற்றின் கதையை மறந்துவிட்டோம். அந்தப் புதுத் தடம் எவ்வளவு மழையைத் தாங்கும்? கரை அரித்தால் யார் பொறுப்பு? அதில் வருகிற மண் எங்கே போய்ச் சேரும்? கீழே பெருமாள் ஏரி இருக்கிறது. சுரங்க மண்ணும் சாம்பலும் வந்து ஏரி தூர்ந்துபோகிறது என்று அங்குள்ள விவசாயிகள் நெடுங்காலமாகப் புகார் சொல்கிறார்கள். 2015 நவம்பர் 9-ல் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். அது திரும்ப வராது என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? அப்படியொரு மழையில் பரவனாற்றின் புதுத்தடம் எப்படி இருந்தது என்று கீழே இருக்கிற விவசாயியும் கூட நின்று பார்த்து எழுதுவதுதான் உண்மையான இன்ஸ்பெக்‌ஷன். மற்றதெல்லாம் டூர்.

‘நெய்வேலி எங்கே, திண்டுக்கல் எங்கே? இங்கே நிலக்கரியே கிடையாதே?’ என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்.

ஒன்று, திண்டுக்கல்லிலும் வேடசந்தூரிலும் ஓடுகிற நூற்பாலைகள் காற்றைக் குடித்து ஓடவில்லை. மின்சாரத்தில் ஓடுகின்றன. நம் வீட்டு ஃபேனும்தான். அந்த மின்சாரத்துக்காக யாரோ ஒரு விவசாயியின் ஆறு இடம் மாறுகிறது. ஃபேனை நிறுத்தச் சொல்லவில்லை. ‘வளர்ச்சி வேண்டாமா?’ என்று பல்லவி பாட ஆரம்பித்துவிடாதீர்கள். வேண்டும். காசு கொடுத்துத் துணி எடுக்கும்போது கிழிசல் இருக்கிறதா என்று விரித்துப் பார்ப்பவன் வியாபாரத்துக்கு எதிரி இல்லையே!

இரண்டு, நம் மாவட்டத்திலேயே குழிகள் இருக்கின்றன. குஜிலியம்பாறை பக்கம் சுண்ணாம்புக்கல் எடுக்கிறார்கள். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் கல் உடைக்கிற குவாரிகள் இருக்கின்றன. பக்கத்து மேலூரில் கிரானைட்காரர்கள் கண்மாயையும் கால்வாயையும் என்ன செய்தார்கள் என்பதை விசாரிக்க, 2014-ல் உயர் நீதிமன்றம் சகாயம் ஐ.ஏ.எஸ்.ஸை நியமிக்க வேண்டியிருந்தது. சின்னக் குவாரி என்றாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியிலேயே தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. நிலக்கரியோ கல்லோ, தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். சிறுமலையில் பிறக்கிற சந்தனவர்த்தினிக்கோ குடகனாற்றுக்கோ வந்து சேர வேண்டிய ஒரு ஓடை, நடுவில் கல்தூள் மேட்டால் மறிக்கப்பட்டால், கீழே கடைமடையில் இருக்கிற கிணறு வற்றும். காரணம் தெரியாமல் நாம் போர் மேல் போர் போட்டுக்கொண்டிருப்போம்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். ஐந்தே ஐந்து விஷயம்.

ஒன்று: திருப்பிவிட்ட அல்லது திருப்பி அமைத்த ஓடை எதுவானாலும், மழைக்கு முன்னால் ஒரு தடவை, பெருமழை பெய்து இரண்டு நாளுக்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும். தேதியை மழை முடிவு செய்யட்டும், அதிகாரியின் டைரி முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டு: பார்க்கும்போது கீழ்மடை விவசாயி ஒருவர் கூட இருக்க வேண்டும். ஊரில் நீர்பாய்ச்சி இருந்தால் அவரையே கூப்பிடுங்கள். இந்த ஓடையில் தண்ணீர் முன்பு எந்தக் கல்வரைக்கும் ஏறும் என்று அவருக்குத் தெரியும். அவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை செல்லாது என்று வையுங்கள்.

மூன்று: கட்டிவைத்த பணத்தில் ஓடைக்கான பங்கை, குறைந்தது ஐந்து பருவமழையைத் தாண்டும்வரை திரும்பக் கொடுக்கக் கூடாது.

நான்கு: பழைய ஓடையும் புது ஓடையும் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். புலப்படமும் ‘அ’ பதிவேடும் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. ‘ஓடை புறம்போக்கு’ என்று எழுதியிருக்கிற இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்கலாம்.

ஐந்து: அறிக்கை தமிழில் இருக்க வேண்டும். கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

இதில் சிலவற்றுக்கு நீங்கள் அரசாங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. அந்த ஆறுமாத அறிக்கைகள் எல்லாம் பொது ஆவணங்கள் என்று 2006 அறிவிக்கையே சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. மனுவுக்கு ஆகிற செலவு ஒரு டீ, வடை செலவு. அறிக்கையை வாங்குங்கள். மழை விட்ட மறுநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போய் நில்லுங்கள், கரையிலிருந்தே, குழிப்பக்கம் இறங்காமல். மண்மேட்டுச் சரிவில் புதுசாகக் கீறல் விழுந்திருக்கிறதா? பாலத்தின் கண் மண்ணால் அடைபட்டிருக்கிறதா? தண்ணீர் என்ன நிறத்தில் வருகிறது? மேலே வருகிற தண்ணீர் கீழே வந்து சேர்கிறதா? இவ்வளவு கேள்விக்கு இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. செல்போனில் நாலு போட்டோ, தேதியோடு. போதும்.

கிராம சபை ஆண்டுக்கு நாலு தடவையாக இருந்ததை 2022-ல் ஆறாக்கினார்கள். புதிதாகச் சேர்த்ததில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். இன்னொன்று நவம்பர் 1, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிற நாள். தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, நமக்குத் தோதான தேதிகள். நவம்பர் 1-ல் போட்டோவை எடுத்துக்கொண்டு போய், ‘எங்க ஊர் ஓடையைச் சரி பண்ணியாச்சுன்னு இந்த ரிப்போர்ட்ல எழுதியிருக்கே, யார் பார்த்தது, எந்தத் தேதியில பார்த்தது?’ என்று எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை உட்காராதீர்கள்.